பார்த்துவிட்டுப் படிப்பதா, படித்துவிட்டுப் பார்ப்பதா?

கேள்வி: நான் வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவள். இரவு உணவு முடிந்த பிறகு கிடைக்கும் ஒன்றரை மணி நேரம்தான் எனக்கென்று இருக்கிறது. அதில் தொடர் பார்த்தால் புத்தகம் கையில் எடுக்க முடிவதில்லை. புத்தகம் எடுத்தால், மகள் தொலைபேசியில் சிலாகித்துப் பேசும் தொடர் எதுவும் எனக்குத் தெரியாமல் போகிறது. நூலகர் என்ற முறையில், 2024ஆம் ஆண்டில் உங்களுக்கு மிகவும் பிடித்த நூல்களையும் தொடர்களையும் சொல்லுங்கள். நாவலிலிருந்து எடுக்கப்பட்ட தொடர் என்றால் எதை முதலில் தொடுவது?
— வாசகி, திருச்சி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதற்குப் பதில் சொன்னால் என் பட்டியலும் தானாக வந்துவிடும். எது முதலில் என்பதற்குப் பொதுவான விதி எதுவும் இருப்பதாக நான் நினைக்கவில்லை. நூலகர் என்றால் "முதலில் புத்தகம்" என்றுதான் சொல்வார் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். ஆனால் 2024இல் எனக்குப் பிடித்த மூன்று தொடர்களுமே நாவல்களிலிருந்து வந்தவை; மூன்றுக்கும் நான் மூன்று விதமான வரிசையைத்தான் சொல்வேன்.

முதலாவது, 'ஷோகன்'. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜப்பானியக் கரையில் ஒதுங்கும் ஓர் ஆங்கிலேய மாலுமியையும், அதிகாரப் போட்டியில் சிக்கியிருக்கும் ஒரு பிரபுவையும், அவ்விருவருக்கும் இடையே மொழிபெயர்ப்பாளராக நிற்கும் மரிகோ என்ற பெண்ணையும் பற்றிய கதை. ஜேம்ஸ் கிளாவெல் 1975இல் வெளியிட்ட நாவல், ஆயிரம் பக்கங்களைத் தாண்டியது. எம்மி விருதுகளில் ஒரே ஆண்டில் 18 விருதுகளை வாங்கி இந்தத் தொடர் சாதனை படைத்ததைச் செய்தித்தாளில் பார்த்திருப்பீர்கள். என்னை ஈர்த்தது வேறொன்று. இதே நாவல் 1980இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடராக வந்தபோது, ஜப்பானியப் பாத்திரங்கள் பேசியவற்றுக்குச் சப்டைட்டில் போடவில்லை. மாலுமிக்குப் புரியாதது பார்வையாளருக்கும் புரிய வேண்டியதில்லை என்பது அன்றைய முடிவு. புதிய தொடரிலோ வசனங்களில் பெரும்பகுதி ஜப்பானிய மொழியிலேயே இருக்க, நாம் சப்டைட்டிலில் படித்துக்கொண்டு, மாலுமியைவிட அதிகம் தெரிந்தவர்களாக உட்கார்ந்திருக்கிறோம். மரிகோ மொழிபெயர்க்கும்போது எதை விடுகிறார், எதை மென்மையாக்குகிறார் என்பதெல்லாம் நமக்கு மட்டும் தெரிகிறது. கதையின் மையமே மாலுமியிடமிருந்து அந்தப் பெண்ணிடம் நகர்ந்துவிடுகிறது. ஆகவே இதைப் பத்துப் பகுதிகளாகப் பார்த்துவிடுங்கள், நாவல் கட்டாயமில்லை. பார்த்த பிறகும் அந்தக் காலத்திலேயே இருக்க விரும்பினால், அப்போது அந்தக் கனமான நூலை எடுங்கள். பெயர்களும் குலங்களும் முகங்களோடு மனத்தில் பதிந்திருப்பதால் வாசிப்பு எளிதாகும்.

இரண்டாவது தொடருக்கு இதற்கு நேர்மாறாகச் சொல்வேன். காப்ரியேல் கார்சியா மார்க்கேஸ் 1967இல் வெளியிட்ட 'தனிமையின் நூறு ஆண்டுகள்' நாவலின் திரைப்பட உரிமையைத் தம் வாழ்நாள் முழுவதும் கொடுக்க மறுத்துவந்தார். ஒரு படத்தின் நேரத்துக்குள் அது அடங்காது என்பது அவருடைய எண்ணம். எடுத்தாலும் ஸ்பானிய மொழியில்தான் எடுக்க வேண்டும் என்பதும் அவருடைய விருப்பம். அவர் 2014இல் மறைந்த பிறகு, மகன்கள் இருவரும் நெட்ஃபிளிக்ஸுக்கு உரிமை அளித்து, தாங்களும் தயாரிப்பில் பங்கேற்றார்கள். ஸ்பானிய மொழியில், கொலம்பியாவிலேயே படமாக்கப்பட்ட முதல் எட்டுப் பகுதிகள் 2024 டிசம்பர் 11 அன்று வெளிவந்தன. மிகுந்த கவனத்தோடு செய்திருக்கிறார்கள். கதைசொல்லியின் குரலைக் கைவிடாமல் வைத்திருப்பது நல்ல முடிவு. இருந்தாலும் நீங்கள் நாவலைத்தான் முதலில் படிக்க வேண்டும். அந்த நூலில் அதிசயம் என்பது நிகழ்ச்சியில் இல்லை. நம்ப முடியாத ஒன்றை, மளிகைக் கணக்கு எழுதுவதைப் போலச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போகும் அந்த நடையில் இருக்கிறது. திரையில் அதே நிகழ்ச்சி கண்முன் நடக்கும்போது, அது ஓர் அழகான காட்சியாகிவிடுகிறது. காட்சியை முதலில் பார்த்துவிட்டால், பிறகு வாக்கியத்தைப் படிக்கும்போது அந்தக் காட்சிதான் நினைவுக்கு வரும். தமிழில் ஞாலன் சுப்பிரமணியனும் சுகுமாரனும் மொழிபெயர்த்து, காலச்சுவடு வெளியீடாகக் கிடைக்கிறது. தலைமுறைதோறும் ஒரே பெயர்கள் திரும்பத் திரும்ப வருவதும், ஒரே தகப்பனின் பதினேழு பிள்ளைகளுக்கும் அவ்ரேலியானோ என்றே பெயர் இருப்பதும் உங்களைக் குழப்பினால் கவலைப்பட வேண்டாம். தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கமுள்ள நமக்கு அது பழகிவிடும்.

மூன்றாவது 'ரிப்ளி'. பட்ரீசியா ஹைஸ்மித் 1955இல் எழுதிய குற்ற நாவல். கறுப்பு வெள்ளையில் எட்டுப் பகுதிகளாக எடுக்கப்பட்டிருக்கிறது. நாவலில் நாம் ரிப்ளி என்ற ஏமாற்றுக்காரனின் எண்ணங்களுக்குள் அடைபட்டிருக்கிறோம். அவன் அகப்பட்டுவிடக் கூடாதே என்று நம்மை அறியாமல் பதற்றப்படுகிறோம். தொடர் நம்மை வெளியே நிறுத்தி, ஒரு கொலையை மறைப்பது எவ்வளவு பெரிய உடலுழைப்பு என்பதை, படிக்கட்டு படிக்கட்டாக, மூச்சு வாங்க வாங்கக் காட்டுகிறது. இங்கு வரிசை பொருட்டே இல்லை. இரண்டும் ஒன்றையொன்று கெடுப்பதில்லை. மெதுவாக நகர்கிறது என்று உங்கள் மகள் குறை சொல்லக்கூடும். அந்த மெதுவான நடைதான் எனக்குப் பிடித்தது.

தமிழில் 2024இல் வெளிவந்த இணையத் தொடர்களில், நாவலிலிருந்து எழுந்ததாக என் பட்டியலில் சேர்க்க ஒன்றும் அகப்படவில்லை. இத்தனை நாவல்களை வைத்துக்கொண்டு இப்படி ஒரு நிலை என்பது எனக்கு வருத்தம்தான்.

இனி, எனக்குப் பிடித்த நூல்கள். புக்கர் பரிசு பெற்ற சமந்தா ஹார்வியின் 'ஆர்பிட்டல்' 136 பக்கங்களே கொண்ட ஆங்கில நாவல். உங்கள் ஒன்றரை மணி நேரத்தில் மூன்று நான்கு இரவுகளுக்குள் முடித்துவிடலாம். விண்வெளி நிலையத்தில் இருக்கும் ஆறு பேரின் ஒரே ஒரு நாள். அந்த ஒரு நாளுக்குள் பூமியைப் பதினாறு முறை சுற்றிவருவதால், பதினாறு விடியல்களும் பதினாறு அந்திகளும் அவர்களுக்கு வாய்க்கின்றன. அந்த அறுவரில் ஒருத்தியின் தாய் கீழே பூமியில் இறந்துவிடுகிறாள். இறுதிச் சடங்குக்குப் போக வழியில்லை. கதை என்று பார்த்தால் அவ்வளவுதான். கதையோட்டத்தை எதிர்பார்ப்பவர்களுக்கு இதை நான் கொடுக்கமாட்டேன். ஒரு பக்கத்தைப் படித்துவிட்டு நூலை மடியில் வைத்துக்கொண்டு யோசிப்பவர்களுக்குக் கொடுப்பேன்.

பெர்சிவல் எவரெட்டின் 'ஜேம்ஸ்' வேறு வகை. மார்க் ட்வைனின் ஹக்கிள்பெரி ஃபின் கதையைச் சிறுவனுடைய பார்வையை விட்டுவிட்டு, அவனோடு தப்பி ஓடும் அடிமையான ஜிம்மின் வாயால் சொல்கிறது. இதில் அடிமைகள் தங்களுக்குள் செம்மையான ஆங்கிலம் பேசுகிறார்கள்; வெள்ளையர் காதில் விழும் தூரத்தில் மட்டும் கொச்சை மொழிக்கு மாறிக்கொள்கிறார்கள். எப்படிக் கொச்சையாகப் பேசுவது என்று ஜிம் குழந்தைகளுக்குப் பாடம் நடத்தும் பகுதியைச் சிரித்துக்கொண்டே படித்து, பிறகு சிரித்ததற்காகக் கூச்சப்பட்டேன். அமெரிக்காவின் தேசிய நூல் விருது 2024 நவம்பரில் இதற்குக் கிடைத்தது. இதைப் படமாக எடுத்தால் அந்த மொழி மாற்றம் ஓரளவு காதுக்கு எட்டும். ஆனால் ஜிம் தன் கதையைத் தானே எழுதுகிறான் என்பது தாளில்தான் முழுதாகப் பொருள்படும்.

தென்கொரிய எழுத்தாளர் ஹான் காங் நோபல் பரிசு பெற்றபோது, சமயவேல் மொழிபெயர்ப்பில் 'மரக்கறி' நாவல் தமிழில் ஏற்கெனவே இருந்தது நமக்கு ஒரு நல்ல வாய்ப்பு. இறைச்சி உண்பதை ஒரு நாள் நிறுத்திவிடும் பெண்ணைப் பற்றி அவள் கணவனும், அக்காளின் கணவனும், அக்காளும் அறிந்தவற்றையே மூன்று பாகங்களிலும் பெறுகிறோம். கனவுகளைத் தவிர அவள் வாய் திறப்பதே அரிது. மனத்தை உலுக்கும் நூல். உறங்கப் போகும் நேரத்தில் வேண்டாம், பகலில் படியுங்கள்.

என் மனத்துக்கு மிக நெருக்கமான தமிழ் நூல், 2024 டிசம்பரில் சாகித்திய அகாதெமி விருது அறிவிக்கப்பட்ட ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908'. ம.பொ.சி. எழுதிய வாழ்க்கை வரலாற்றை அடிப்படையாகக் கொண்ட 'கப்பலோட்டிய தமிழன்' படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள், 1961இல் வந்தது. அது தலைவரின் கதை. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் 1908 மார்ச் 12 அன்று கைது செய்யப்பட்டதற்கு மறுநாள், திருநெல்வேலியில் மக்கள் தெருவில் இறங்கியதையும், துப்பாக்கிச் சூட்டில் நால்வர் உயிரிழந்ததையும் எடுத்துக்கொண்டு, அந்தக் கூட்டத்தில் நின்ற எளிய மனிதர்களின் பக்கம் இந்த நூல் திரும்புகிறது. படத்தைப் பார்த்தவர்கள்தான் இதை முதலில் படிக்க வேண்டும் என்பேன், ஏனென்றால் எந்த முகங்கள் திரையில் வராமல் போயின என்பது அவர்களுக்குத்தான் சட்டென்று உறைக்கும். ஆய்வு நூல் என்று தயங்க வேண்டாம். நடை தடையில்லாமல் ஓடுகிறது.

நேரத்தைப் பற்றி ஒரு சொல். சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் நூலகத்துக்கு வகுத்த ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பது. அதை நான் வாசகர்களுக்கும் சொல்வதுண்டு: இரண்டு பகுதிகள் பார்த்தும் ஈர்க்காத தொடரையும், ஐம்பது பக்கங்கள் தாண்டியும் நெருங்கிவராத நாவலையும் குற்ற உணர்வில்லாமல் விட்டுவிடுங்கள். நூலகத்துக்குத் திருப்பிக் கொடுக்கும்போது, படித்து முடித்தீர்களா என்று எந்த நூலகரும் கேட்கமாட்டார்.

உங்களுக்காக நான் வகுக்கும் வரிசை இது: பொங்கல் வரை 'ஷோகன்', ஓர் இரவுக்கு ஒரு பகுதி; மகளோடு பேசவும் பொருள் கிடைக்கும். அதன் பிறகு மார்க்கேஸ். தொடரின் முதல் எட்டுப் பகுதிகள் நாவலின் ஏறக்குறைய முதல் பாதியோடு நின்றுவிடுகின்றன, மீதிப் பகுதிகள் 2024இல் வெளிவரவில்லை. ஆகவே முதல் பாதியைப் படித்ததும் தொடரைப் பார்க்கத் தொடங்க வேண்டும் என்று மகள் அவசரப்படுத்தினாலும், நாவலின் கடைசிப் பக்கம்வரை போய்விட்டே திரைக்கு வாருங்கள்.