பழைய பி.எம்.டபிள்யூ. எக்ஸ்5 வாங்கியவர்களின் கேள்விகள்

இரண்டாம் கையாக வாங்கும் சொகுசு எஸ்.யூ.வி.க்களைப் பற்றி வந்த கடிதங்களில், பி.எம்.டபிள்யூ. எக்ஸ்5 குறித்தவற்றை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டேன். 2014 முதல் செங்கல்பட்டு அருகே உள்ள ஆலையிலேயே பூட்டப்பட்டு விற்பனைக்கு வந்த வண்டி என்பதால், நம் ஊர்ச் சந்தையில் இதுவே அதிகம் கண்ணில் படுகிறது.

கேள்வி: 2015ஆம் ஆண்டு எக்ஸ்5 30டி டீசல் வண்டியை அண்மையில் வாங்கினேன். 92,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. சர்வீஸ் பதிவுகள் முழுமையாக உள்ளன. கியர்பாக்ஸ் ஆயில் வண்டியின் ஆயுள் முழுவதும் தாங்கும், அதைத் தொட வேண்டாம் என்று முந்தைய உரிமையாளர் சொன்னார். நான் முதலில் எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: முந்தைய உரிமையாளர் உங்களிடம் பொய் சொல்லவில்லை, அவருக்குச் சொல்லப்பட்டதை அப்படியே உங்களிடம் சொல்லியிருக்கிறார். ஆனால் 'ஆயுள் முழுவதும்' என்ற சொல் யாருடைய ஆயுளைக் குறிக்கிறது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். உங்கள் வண்டியில் இருக்கும் எட்டு கியர் தானியங்கிப் பெட்டியைத் தயாரித்த இசட்.எஃப். நிறுவனமே, 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு ஆண்டுகளுக்குள், ஆயிலை மாற்றுமாறு பரிந்துரைக்கிறது. உங்கள் வண்டி இந்த இரண்டு எல்லைகளையும் எட்டிவிட்டது. ஆகவே நீங்கள் செய்ய வேண்டிய முதல் செலவு இதுதான்.

இந்தக் கியர்பாக்ஸின் அடித்தட்டு பிளாஸ்டிக்கால் ஆனது. ஃபில்டர் அதனுள்ளேயே பொருத்தப்பட்டிருப்பதால் தட்டை முழுமையாக மாற்ற வேண்டும், பழையதைக் கழுவித் திரும்ப மாட்டுவதற்கு இடம் கொடுக்காதீர்கள். புதிய ஆயிலின் அளவைச் சரிபார்ப்பது எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது, ஆயில் குறிப்பிட்ட வெப்பநிலையில் இருக்கும் நேரத்தில் மட்டுமே. ஸ்கேனர் கருவியில் வெப்பநிலையைப் பார்க்காமல் 'வழிந்தால் போதும்' என்று மூடிவிடும் இடத்தில் இந்த வேலையைக் கொடுக்க வேண்டாம்.

அடுத்தது எஞ்சின். ஆறு சிலிண்டர்கள் ஒரே வரிசையில் அமைந்த இந்த 2,993 சி.சி. டீசல் எஞ்சின் உழைப்பாளி. நெடுஞ்சாலையில் ஓடிய வண்டியாக இருந்தால் பல ஆண்டுகள் பிரச்சினை தராது. ஆனால் வால்வுகளை உரிய நேரத்தில் திறந்து மூட வைக்கும் சங்கிலியான டைமிங் செயின், இதில் எஞ்சினின் முன்பக்கத்தில் இல்லை. கியர்பாக்ஸைப் பார்த்த பின்பக்கத்தில் இருக்கிறது. செயினையோ அதைத் தாங்கும் பிளாஸ்டிக் வழிகாட்டிகளையோ மாற்ற வேண்டுமானால் எஞ்சினையோ கியர்பாக்ஸையோ இறக்கியாக வேண்டும் என்பதால், உதிரிபாகத்தின் விலையைவிடக் கூலியே பெரிதாகிவிடும். அந்த நிலை வராமல் தள்ளிப்போட நம் கையில் இருக்கும் ஒரே வழி, எஞ்சின் ஆயிலைக் காலத்தோடு மாற்றுவது. டாஷ்போர்டில் வரும் அறிவிப்பு 25,000 கிலோமீட்டர் வரைகூட அனுமதிக்கும். அதற்காகக் காத்திருக்காதீர்கள். நம் ஊர் வெயிலிலும் நெரிசலிலும் 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, இவற்றில் எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றிவிடுங்கள். ஆயில் எந்த பிராண்டாக இருந்தாலும் சரி, டப்பாவின் பின்புறம் பி.எம்.டபிள்யூ.வின் 'லாங்லைஃப்-04' என்ற அங்கீகாரம் அச்சாகியிருக்க வேண்டும்.

காலையில் முதன்முறையாக ஸ்டார்ட் செய்யும்போது பானட்டைத் திறந்து வைத்து, எஞ்சினுக்குப் பின்னால், கண்ணாடித் தடுப்புக்கு அருகே காதைக் கொடுத்துக் கேளுங்கள். சங்கிலி உரசுவது போன்ற ஓசை 1,500 முதல் 2,000 சுற்றுக்குள் எழுந்தால், அன்றே ஒரு நல்ல மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். அடுத்த சர்வீஸ் வரை பொறுத்திருக்கக் கூடாது.

மூன்றாவது, எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் அளவு. கசிவு எங்கும் தெரியாமல் கூலன்ட் குறைந்துகொண்டே வந்தால், வெளியேறும் புகையின் ஒரு பகுதியைக் குளிரச் செய்து எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் ஈ.ஜி.ஆர். கூலரைச் சந்தேகியுங்கள். 2018இல் தென்கொரியாவில் அடுத்தடுத்து பி.எம்.டபிள்யூ. டீசல் கார்கள் தீப்பிடித்ததும், அதன் பிறகு உலக அளவில் சுமார் 16 லட்சம் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டதும் இந்தப் பாகத்தால்தான். கூலர் உள்ளே விரிசல் விட்டுக் கசியும் கூலன்ட், கரியோடு சேர்ந்து பிசினாகப் படிகிறது. அதன்மேல் சூடான புகை பட்டால் பற்றிக்கொள்ளும் வாய்ப்பு உண்டு. உங்கள் வண்டியின் 17 இலக்க சேசிஸ் எண்ணை நிறுவனத்தின் சர்வீஸ் மையத்தில் கொடுத்து, நிலுவையில் எந்தத் திரும்ப அழைப்பும் இல்லை என்பதை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை, வாங்கியவர் இரண்டாம் உரிமையாளரா மூன்றாம் உரிமையாளரா என்பதும் அதில் பொருட்டில்லை.

பிரேக் ஆயிலை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுவது, டீசல் ஃபில்டர், காற்று ஃபில்டர் ஆகியவற்றை நீங்கள் அறியவே முதல் சர்வீஸில் மாற்றிவிடுவது ஆகியவை எல்லா வண்டிக்கும் பொருந்துபவைதான். வாங்கிய விலையில் பத்தில் ஒரு பங்கையாவது முதலாண்டுப் பராமரிப்புக்கென்று தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். அந்தப் பணம் இல்லாமல் வாங்கியவர்கள்தான் சிறு கசிவைப் பார்த்தும் பார்க்காததுபோல ஓட்டி, பெரிய செலவில் மாட்டிக்கொள்கிறார்கள்.

கேள்வி: என்னுடைய எக்ஸ்5 மெதுவாகத் திரும்பும்போது ஒருவிதமாக உதறுகிறது, நேராகப் போகும்போது ஒன்றும் தெரியவில்லை. இரண்டு மாதங்களுக்கு முன் பின்பக்க டயர்கள் இரண்டை மட்டும் புதிதாக மாற்றினேன். இதற்கும் அதற்கும் தொடர்பு இருக்குமா?
– வாசகர், மதுரை

பதில்: இருக்கும் என்றே எண்ணுகிறேன். உங்கள் வண்டி நான்கு சக்கரங்களிலும் இழுவை உள்ளது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் சக்தியைப் பகிர்ந்து தரும் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்ற பெட்டிக்குள் கிளட்ச் தட்டுகளின் அடுக்கு ஒன்று உண்டு. ஒரு மின்மோட்டார் தேவைக்கேற்ப அதை இறுக்கியும் தளர்த்தியும் கொடுக்கிறது. முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் ஒரே வேகத்தில் சுழன்றால்தான் அந்தத் தட்டுகளுக்கு ஓய்வு.

சாதாரணக் கணக்கே போதும். 255/50 ஆர்19 அளவுள்ள புதிய டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2.3 மீட்டர். புதிய டயரில் பட்டையின் ஆழம் 8 மில்லிமீட்டர், பழையதில் 3 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஆரத்தில் 5 மில்லிமீட்டர் வேறுபாடு, சுற்றளவில் 31 மில்லிமீட்டர் வேறுபாடு. அதாவது ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் தேய்ந்த டயர் புதிய டயரைவிட ஆறு சுற்று கூடுதலாகச் சுற்றுகிறது. மதுரையிலிருந்து திருச்சிக்குப் போய்த் திரும்புவதற்குள் அது ஆயிரத்து ஐந்நூறு சுற்றுகளைத் தாண்டிவிடும். அந்த வேறுபாட்டை முழுவதும் விழுங்கிக்கொள்வது டிரான்ஸ்ஃபர் கேஸில் உள்ள கிளட்ச் தட்டுகள்தான். அவை சூடேறி, ஆயிலையும் கெடுக்கின்றன.

இதே குறையோடு வந்த ஒரு வண்டியின் டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயிலை இறக்கும்போது அருகில் நின்றிருந்தேன். பெட்டிக்குள் இருப்பது ஒரு லிட்டருக்கும் குறைவான ஆயில். தெளிந்த தேன் நிறத்தில் வர வேண்டியது, கரைத்த மை போலக் கறுத்து, விரலில் தேய்த்துப் பார்த்தபோது நெருடலோடு, வெயிலில் பிடித்தால் பொடிப்பொடியாக மின்னியது. உரிமையாளரின் முகம் வாடிவிட்டது. புதிய ஆயிலை ஊற்றி, நான்கு டயர்களையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்த பிறகு உதறல் பெருமளவு அடங்கியது. இன்னும் சில மாதங்கள் தாமதித்திருந்தால் பெட்டியையே மாற்ற வேண்டி வந்திருக்கும்.

உங்களுக்கும் அதே வழியைத்தான் சொல்வேன். நான்கு டயர்களும் ஒரே பிராண்டு, ஒரே மாதிரி, ஏறத்தாழ ஒரே தேய்மானம் உள்ளவையாக இருக்க வேண்டும். டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயிலை அதற்கென்று குறிப்பிடப்பட்ட வகையிலேயே மாற்றச் சொல்லுங்கள். மாற்றிய பிறகு, ஆயில் தேய்மானக் கணக்கை வண்டியின் கணினியில் புதிதாகத் தொடங்கி வைக்க வேண்டும். பல பட்டறைகளில் இந்தக் கடைசி வேலையை மறந்துவிடுகிறார்கள், கேட்டு வாங்குங்கள். டயர் கடைக்காரர்கள் 'இரண்டு போதும்' என்று சொல்வது உங்கள் பணத்தை மிச்சப்படுத்தும் நல்லெண்ணத்தில்தான், ஆனால் அந்த அறிவுரை இரு சக்கர இழுவை வண்டிக்கு உரியது.

கேள்வி: 2011ஆம் ஆண்டு எக்ஸ்5 வைத்திருக்கிறேன். மழைக்காலம் வந்தாலே பேட்டரி எச்சரிக்கை வருகிறது. பின்கதவு சில நேரம் தானாகத் திறப்பதில்லை. வண்டிக்குள் ஈரச் சாக்கு வாடை அடிக்கிறது. இரண்டு பேட்டரி மாற்றியாகிவிட்டது.
– வாசகர், நாகர்கோவில்

பதில்: மூன்றாவது பேட்டரி வாங்குவதற்கு முன் டிக்கியின் தரைப் பலகையைத் தூக்கிப் பாருங்கள். உங்கள் தலைமுறை எக்ஸ்5இல் பேட்டரியும் சில மின்னணுப் பெட்டிகளும் அந்தப் பலகைக்குக் கீழேதான் இருக்கின்றன. அங்கே தண்ணீர் தேங்கியிருக்கும் என்பது என் ஊகம்.

தண்ணீர் வருவது மேலிருந்து. பெரிய சன்ரூஃபைச் சுற்றி ஒரு வாய்க்கால் இருக்கிறது. அதில் விழும் மழைநீர் நான்கு மூலைகளிலும் உள்ள மெல்லிய குழாய்கள் வழியாகத் தூண்களுக்குள் இறங்கி, வண்டிக்கு அடியில் வெளியேற வேண்டும். வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்துபவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த தொல்லை: உதிரும் வேப்பம்பூவும் தூசியும் சேர்ந்து பின்பக்கக் குழாய்களின் வாயை அடைத்துவிடுகின்றன, தண்ணீர் போக வழியில்லாமல் கூரைத் துணிக்குப் பின்னால் வழிந்து டிக்கியில் போய்ச் சேர்கிறது.

ஒரு குவளைத் தண்ணீரை எடுத்து, சன்ரூஃபைத் திறந்து, ஒவ்வொரு மூலையிலும் மெல்ல ஊற்றுங்கள். சற்று நேரத்தில் அந்தந்தச் சக்கரத்தின் பக்கமாகத் தரையில் சொட்ட வேண்டும். சொட்டாத மூலைதான் அடைத்திருக்கிறது. புல்வெட்டும் எந்திரத்தில் போடும் நைலான் நரம்பைப் போல வளையக்கூடிய, முனை மழுங்கிய ஒன்றை உள்ளே செலுத்தி அடைப்பை நீக்கலாம். கம்ப்ரெஸ்ஸர் காற்றை அடிக்கவே கூடாது. குழாயின் இணைப்பு உள்ளே கழன்றுவிட்டால், கூரைத் துணியை இறக்காமல் அதைத் திரும்ப மாட்ட முடியாது.

தரையை நன்றாக உலர்த்தி, கம்பி இணைப்புகளில் பச்சை பூத்திருந்தால் ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியனைக் கொண்டு சுத்தம் செய்த பிறகே புதிய பேட்டரியை வையுங்கள். வைத்ததும் அதை வண்டியின் கணினியில் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்யாவிட்டால், ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் பழைய, நொந்துபோன பேட்டரிக்குச் செய்த அளவிலேயே சார்ஜ் செய்துகொண்டிருக்கும். உங்கள் இரண்டு பேட்டரிகளும் சீக்கிரம் போனதற்கு இதுவும் காரணமாக இருந்திருக்கலாம்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. உங்கள் தலைமுறை எக்ஸ்5, தகாடா நிறுவனம் தயாரித்த ஏர்பேக்கின் குறைபாட்டுக்காக உலக அளவில் திரும்ப அழைக்கப்பட்ட வண்டிகளில் ஒன்று. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த ஊர்களில் அந்த ஏர்பேக்கின் உள்ளே உள்ள ரசாயனம் சிதைந்து, விபத்தின்போது உலோகத் துண்டுகள் சிதற வாய்ப்புண்டு. நாகர்கோவில் போன்ற கடலோர ஊரில் இருக்கும் நீங்கள், சேசிஸ் எண்ணைக் கொடுத்துச் சரிபார்ப்பதை இந்த வாரமே செய்துவிடுங்கள். சன்ரூஃப் காத்திருக்கலாம், இது காத்திருக்கக் கூடாது.

கேள்வி: இரவு நிறுத்திய எக்ஸ்5, காலையில் பின்பக்கம் ஒரு சாணளவு தாழ்ந்து நிற்கிறது. ஸ்டார்ட் செய்தால் உயர்ந்துவிடுகிறது. ஓட்டலாமா?
– வாசகர், சேலம்

பதில்: பட்டறை வரை ஓட்டலாம். ஸ்பிரிங்குக்குப் பதிலாக வண்டியின் பின்பக்கத்தைத் தாங்கும் காற்றுப்பையின் ரப்பர் மடிப்பில் நுண்ணிய வெடிப்பு விட்டிருக்கும். சோப்புத் தண்ணீர் பூசினால் குமிழி காட்டிக்கொடுக்கும். பை மட்டும் போயிருக்கும்போது மாற்றினால் செலவு தாங்கக்கூடியது. தினமும் காலையில் அதைத் தூக்கி நிறுத்தும் கம்ப்ரெஸ்ஸர் ஓய்வில்லாமல் ஓடிக் கருகிவிட்டால் இரண்டையும் வாங்க வேண்டும். ஒரு பக்கம் போய்விட்டால் மறுபக்கமும் அதே வயதுதான் என்பதால், இரண்டு பைகளையும் சேர்த்தே மாற்றுங்கள்.

கேள்வி: டெல்லியில் பதிவான எக்ஸ்5 ஒன்று இங்கே கிடைப்பதைவிட மிகவும் மலிவாக வருகிறது. வாங்கலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: மலிவுக்கு ஒரு நியாயமான காரணம் உண்டு. தலைநகர் வட்டாரத்தில் பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகளுக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் தடை விதித்ததிலிருந்து, அங்கே நல்ல நிலையில் உள்ள வண்டிகளும் விலை இறங்கித் தெற்கே வருகின்றன. ஆகவே மலிவு என்பதற்காகவே சந்தேகப்பட வேண்டியதில்லை.

ஆனால் அங்கிருந்து பெறும் தடையின்மைச் சான்று, இங்கே செலுத்த வேண்டிய சாலை வரி, மறுபதிவு ஆகியவற்றின் செலவை உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்துக் கூட்டிப் பாருங்கள். சான்று கைக்கு வரும் வரை முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள். ஓடோமீட்டரில் தெரியும் கிலோமீட்டரை, வண்டியின் மற்ற கணினிகளில் பதிவாகியிருக்கும் எண்ணோடு ஸ்கேனரில் ஒப்பிடச் சொல்லுங்கள். மீட்டரைத் திருத்துபவர்கள் எல்லா இடத்திலும் திருத்துவதில்லை. டெல்லி வண்டியோ, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் நனைந்த சென்னை வண்டியோ, எதுவானாலும் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். மேலே எவ்வளவு துடைத்துப் பளபளப்பாக்கினாலும், உருளைக்குள் சுருண்டிருக்கும் அந்தக் கடைசி ஓரடி நாடாவில் சேற்றுக் கறை அப்படியே இருக்கும்.