இன்காக்னிட்டோவில் தேடியும் விளம்பரம் துரத்துவது ஏன்?

கேள்வி: என்னுடையது ஆண்ட்ராய்டு போன். உடல்நலம் தொடர்பான எதையும் குரோமின் இன்காக்னிட்டோவில்தான் தேடுவேன். அண்மையில் ஒரு பரிசோதனைக் கூடத்தின் தளத்தில் கட்டண விவரம் கேட்டு, கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் கொடுத்துப் படிவம் நிரப்பினேன். மறுநாளே சமூக ஊடகச் செயலியில் அதே நோய் பற்றிய விளம்பரங்கள். போன் ஒட்டுக்கேட்கிறதா? நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: மைக்கைச் சந்தேகிப்பதற்கு முன் ஒரு முறை சோதித்துவிடுங்கள். ஆண்ட்ராய்டு 12 முதல், எந்தச் செயலி மைக்கையோ கேமராவையோ இயக்கினாலும் திரையின் மேல் மூலையில் பச்சைக் குறி தோன்றும். செட்டிங்ஸில் ‘பிரைவசி டாஷ்போர்டு’ என்று தேடினால், கடந்த 24 மணி நேரத்தில் எந்தச் செயலி எப்போது மைக்கைத் தொட்டது என்ற பட்டியல் கிடைக்கும். அதில் புதிராக எதுவும் இல்லையென்றால் அந்தக் கவலையை விடுங்கள். விளம்பரம் வந்த வழி பெரும்பாலும் நீங்கள் நிரப்பிய அந்தப் படிவம்தான்.

விளம்பரம் கொடுக்கும் நிறுவனங்கள் தங்களிடம் உள்ள வாடிக்கையாளர்களின் எண்களையும் மின்னஞ்சல்களையும் விளம்பர மேடைகளில் பதிவேற்ற முடியும். எண் அப்படியே போகாது. ஒரு கணிதச் சூத்திரத்தின் வழியே 64 எழுத்துகள் கொண்ட கோவையாக மாறித்தான் போகும். கோவையிலிருந்து எண்ணைத் திரும்பப் பெறுவது எளிதல்ல என்பார்கள். ஆனால் அதற்குத் தேவையே இல்லை. ஒரே எண்ணுக்கு எப்போதும் ஒரே கோவைதான் வரும். சமூக ஊடகக் கணக்கு தொடங்கியபோது நீங்கள் கொடுத்த எண்ணிலிருந்தும் அதே கோவை பிறக்கும். இரண்டும் பொருந்திய நொடியில், இன்காக்னிட்டோவில் இருந்தவர் யார் என்பது தெரிந்துவிடுகிறது.

இன்காக்னிட்டோ உங்களை ஏமாற்றவில்லை. அதன் வேலை வேறு. உங்கள் போனை அடுத்து கையில் எடுப்பவரிடமிருந்து தேடல் வரலாற்றை மறைப்பதே அதன் பணி. இணையச் சேவை நிறுவனம், வைஃபையை நடத்துபவர், நீங்கள் போன தளம் ஆகிய மூவருக்கும் உங்கள் வருகை தெரியும். குரோம் அந்த முறையில் பிற நிறுவனங்களின் குக்கீகளை (தளங்கள் உலாவியில் விட்டுச்செல்லும் சிறு அடையாளக் கோப்புகளை) தடுக்கிறது என்பது உண்மையான பயன். ஆனால் பலர் கவனிக்காத ஓட்டை ஒன்று உண்டு. ஆண்ட்ராய்டில் திறந்திருக்கும் எல்லா இன்காக்னிட்டோ தாவல்களும் ஒரே குக்கீப் பெட்டியைப் பகிர்கின்றன. ஒரு தாவலில் ஜிமெயிலுக்குள் நுழைந்துவிட்டு இன்னொன்றில் நோயைப் பற்றிக் கூகுளில் தேடினால், அந்தத் தேடல் உங்கள் கணக்கின் பெயரிலேயே நடக்கிறது. எல்லாத் தாவல்களையும் மூடினால்தான் பெட்டி காலியாகும். ஒரு வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் மூடிவிட்டு அடுத்ததைத் தொடங்குங்கள்.

உலாவிக்கு வெளியே நடக்கும் இணைப்புக்கு 2025 ஜூனில் வெளியான ஆய்வு நல்ல சான்று. ஆண்ட்ராய்டு போன்களில் நிறுவப்பட்டிருந்த மெட்டா (பேஸ்புக், இன்ஸ்டாகிராமின் தாய் நிறுவனம்), ரஷ்யத் தேடல் நிறுவனமான யாண்டெக்ஸ் ஆகியவற்றின் செயலிகள், போனுக்குள்ளேயே இருக்கும் இணைப்பு வாயில்களைத் திறந்து வைத்து, உலாவியில் ஓடும் கண்காணிப்பு நிரல் அனுப்பும் அடையாளத்தைப் பெற்றுக்கொண்டதை ஆய்வாளர்கள் காட்டினார்கள். இன்காக்னிட்டோவும் குக்கீ அழிப்பும் அதைத் தடுக்கவில்லை. விஷயம் வெளியானதும் அந்த முறை நிறுத்தப்பட்டது. எனவே அடிக்கடி பயன்படுத்தாத சமூக ஊடகச் செயலியை நீக்கிவிட்டு, உலாவியிலேயே அதைத் திறப்பது நாங்கள் மனதார நம்பிச் சொல்லும் ஆலோசனை. கண்காணிப்பைக் குறைப்பதில் இது பெரிய பலன் தரும்.

அடுத்து விளம்பர அடையாள எண். போனில் உள்ள எல்லாச் செயலிகளும் படிக்கக்கூடிய பொதுவான எண் இது. தனித்தனிச் செயலிகள் சேர்த்த துணுக்குகளை ஒன்றாகத் தைக்கும் நூல் இதுதான். செட்டிங்ஸில் ‘கூகுள்’, அதற்குள் ‘ஆட்ஸ்’ பகுதிக்குப் போய் ‘டெலீட் அட்வர்டைசிங் ஐடி’ என்பதைத் தொடுங்கள். போனுக்குப் போன் இடம் மாறும். கிடைக்காவிட்டால் செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் ‘ஆட்ஸ்’ என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். அங்கே ‘ரீசெட்’ என்றும் ஒன்று இருக்கும். அது புதிய எண்ணைத் தருவது மட்டுமே. நீக்கினால்தான் செயலிகளுக்கு வெறும் பூஜ்ஜியங்கள் கிடைக்கும். ஐபோன் வைத்திருப்போர் ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’யில் ‘டிராக்கிங்’ திறந்து, செயலிகள் அனுமதி கேட்பதையே அணைத்துவிடலாம்.

சாதாரணத் தாவல்களில் குரோம் பிற நிறுவனக் குக்கீகளைத் தானாகத் தடுப்பதில்லை. மூன்று புள்ளியைத் தொட்டு, செட்டிங்ஸ், ‘சைட் செட்டிங்ஸ்’, ‘தேர்ட் பார்ட்டி குக்கீஸ்’ என்று போய்த் தடுக்கும் தேர்வை வையுங்கள். சில தளங்களில் உள்நுழைவோ பணம் செலுத்தும் சட்டகமோ வேலை செய்யாமல் நிற்கும். காரணம், அந்தப் பகுதி வேறொரு நிறுவனத்தின் முகவரியிலிருந்து வருவது. அப்போது முகவரிப் பட்டையின் இடப்பக்கக் குறியைத் தொட்டு அந்த ஒரு தளத்துக்கு மட்டும் அனுமதியுங்கள். பொது அமைப்பைத் தளர்த்த வேண்டாம். சஃபாரி 2020 முதல் இவற்றை முழுமையாகத் தடுக்கிறது. ஆண்ட்ராய்டில் ஃபயர்ஃபாக்ஸுக்கு மாறினால் விளம்பரங்களையும் கண்காணிப்பு நிரல்களையும் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் என்ற நீட்சியையும் நிறுவலாம். ஆண்ட்ராய்டுப் போன் குரோமில் அந்த வசதி இல்லை. கண்காணிப்பு நிரல் பக்கத்தில் ஏறுவதற்கு முன்பே யூபிளாக் அதைத் தடுத்துவிடுவதால், உடல்நலத் தேடலுக்கு ஃபயர்ஃபாக்ஸ், யூபிளாக் இணையையே பரிந்துரைக்கிறோம்.

செயலிக்குள் வரும் இணைப்பைத் தொட்டால் பக்கம் எங்கே திறக்கிறது என்பதையும் பாருங்கள். பல செயலிகள் தங்களுக்குள்ளேயே ஒரு சிறிய உலாவியை வைத்திருக்கின்றன. அந்தப் பக்கத்தில் தன் நிரலைச் சேர்க்கும் ஆற்றல் செயலிக்கு உண்டு. நீங்கள் எதைத் தொடுகிறீர்கள் என்பதைப் படிக்கவும் அதனால் முடியும். மேலே உள்ள மூன்று புள்ளியில் ‘ஓபன் இன் பிரவுசர்’ இருக்கும். கடவுச்சொல்லோ எண்ணோ தட்டும் முன் அதைத் தொட்டு வெளியே வந்துவிடுங்கள்.

வலையமைப்புப் பக்கம் ஒரு சிறு மாற்றம் போதும். தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் இணைய முகவரியைத் தேடித் தரும் சேவைக்கு டிஎன்எஸ் என்று பெயர். ஆண்ட்ராய்டு 9 முதல் ‘பிரைவேட் டிஎன்எஸ்’ வசதி உள்ளது. அதில் சேவையின் பெயராக டிஎன்எஸ், புள்ளி, கூகுள் என்று ஆங்கிலத்தில் கொடுக்கலாம். கூகுளுக்குப் பதில் கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் சேவையை விரும்பினால் ‘ஒன்’ என்ற ஆங்கிலச் சொல்லை நான்கு முறை, இடையிடையே புள்ளி வைத்து எழுத வேண்டும். தளப் பெயரைக் கேட்டு உங்கள் போன் அனுப்பும் வினவல்கள் இனிப் பூட்டிய உறையில் போகும். உள்நுழைவுப் பக்கம் கேட்கும் பொது வைஃபையில் இது சிக்கலாகலாம். அங்கே ‘ஆட்டோமேட்டிக்’ வைத்து உள்நுழைந்தபின் பழையபடி மாற்றுங்கள். குரோமின் ‘ஆல்வேஸ் யூஸ் செக்யூர் கனெக்‌ஷன்ஸ்’ அமைப்பையும் இயக்கிவிடுங்கள். தளத்தோடான இணைப்பும் பூட்டிய வழியில் நடக்க அது முயலும்.

விபிஎன் (உங்கள் இணையப் போக்குவரத்தை வேறொரு நிறுவனத்தின் கணினி வழியே அனுப்பும் சேவை) பற்றிச் சுருக்கமாக: அது உங்கள் போக்குவரத்தைப் பார்க்கும் ஆளை மாற்றுகிறதே தவிர, படிவத்தில் நீங்களே கொடுத்த எண்ணை மறைக்காது. இலவச விபிஎன்னிடம் கூடுதல் கவனம் வேண்டும். பேஸ்புக்குக்குச் சொந்தமாயிருந்த ஒனாவோ என்ற இலவச விபிஎன் செயலி, பயனர்களின் செயலிப் பழக்கங்களைச் சேகரித்த விவகாரத்தில் 2018-ல் ஆப்பிளின் செயலிக் கடையிலிருந்து விலக்கப்பட்டது.

இனிப் படிவங்களில் கட்டாயமில்லாத எண்ணைத் தராதீர்கள். மின்னஞ்சலுக்கு ஃபயர்ஃபாக்ஸ் ரிலே, ஆப்பிளின் ‘ஹைட் மை இமெயில்’ போன்றவை தளத்துக்கு ஒரு தனி முகவரி உருவாக்கித் தரும். வரும் கடிதம் உங்கள் பெட்டிக்கே வந்து சேரும், ஆனால் பொருத்திப் பார்க்கும் கோவை வேறாகிவிடும். பெயருக்குப் பின் கூட்டல் குறி சேர்க்கும் பழைய உத்தியை நம்பாதீர்கள். அந்தப் பகுதியை வெட்டிவிட்டு மூல முகவரியைக் கண்டெடுப்பது எளிது.

ஏற்கெனவே கொடுத்ததற்கு இரண்டு வேலைகள். பேஸ்புக், இன்ஸ்டாகிராம் என்றால் ‘அக்கவுண்ட்ஸ் சென்டர்’ திறந்து, உங்கள் தகவல்களும் அனுமதிகளும் உள்ள பகுதியில் மெட்டாவுக்கு வெளியே நடந்த செயல்பாடுகளின் பட்டியலைப் பாருங்கள். பரிசோதனைக் கூடத்தின் பெயர் அங்கே இருக்கலாம். பழையதை அழித்துவிட்டு, இனி வருவதையும் கணக்கோடு இணைக்க வேண்டாம் என்று அமைத்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தத் தளத்தின் தனியுரிமைப் பக்கத்தில் உள்ள முகவரிக்கு எழுதி, உங்கள் எண்ணையும் மின்னஞ்சலையும் விளம்பரப் பட்டியலிலிருந்து நீக்கச் சொல்லுங்கள். நீக்கியதை எழுத்தில் உறுதி செய்யுமாறும் அதே கடிதத்தில் கேளுங்கள்.