கியூபெக் பூர்வீகம் தேடுவோர்க்கு: கேள்வி பதில்

கனடாவின் பிரெஞ்சுக் குடும்பங்களில் வம்சாவளி தேடுபவர்கள் கேட்டவற்றில் சில.

கே: என் மனைவி மான்ட்ரியல் பிரெஞ்சுக் குடும்பத்துப் பெண். கல்யாணமான பிறகும் என் பெயரை அவர் பெயரோடு சேர்க்க முடியாதாமே?

ப: ஆமாம், 1981 முதல் கியூபெக்கில் சட்டமே அப்படித்தான். பழக்கம் அதைவிடப் பழையது. அந்தக் காலத்துப் பாதிரியார்களும் பேரன் பேத்தி எடுத்த கிழவியைக்கூடப் பிறந்த வீட்டுப் பெயரில்தான் பதிவேட்டில் எழுதினார்கள். தாய்வழி தேடுபவர்களுக்கு இதைவிட வசதி வேறில்லை.

கே: மாமனார் வழிப் பெயர் போலியூ. 1850-க்கு முன்னால் தேடினால் ஊரில் ஒரு போலியூகூட இல்லை. அதே முதல் பெயர்களோடு ஊடோன் என்றொரு குடும்பம்தான் இருக்கிறது.

ப: பெரும்பாலும் அதுதான் உங்கள் குடும்பம். பதிவேட்டில் 'ஊடோன் டி போலியூ' என்று இருக்கும். ஊடோன், அழைக்கும் பெயர் போலியூ என்று பொருள். இந்த வழக்கத்தைப் பரப்பியதில் சிப்பாய்களுக்குப் பங்கு உண்டு. 1665-ல் கரிஞான்-சாலியேர் என்ற பிரெஞ்சுப் படைப்பிரிவில் சுமார் 1,200 பேர் கனடாவுக்கு வந்தார்கள். நானூறு பேர் போல அங்கேயே தங்கிவிட்டார்கள். படையில் ஆளுக்கொரு பட்டப்பெயர்: கவலையில்லாத சான்சூசி, பூப்போன்ற லாஃப்லூர். குடியேறியதும் பட்டமும் கூடவே வந்தது. பிள்ளைகளில் அண்ணன் ஒரு பெயரையும் தம்பி இன்னொன்றையும் வைத்துக்கொள்வது சகஜம்.

இதில் ஒரு ஆபத்து. லாஃப்லூர் என்று படையில் எத்தனையோ பேர், ஒருவருக்கொருவர் சொந்தமே இல்லை. பெயரை மட்டும் நம்பிப் போனால் அடுத்த வீட்டுக்காரரின் தாத்தாவைக் கும்பிட்டுக்கொண்டிருப்பீர்கள். கல்யாணப் பதிவைப் பிடியுங்கள். மாப்பிள்ளை, பெண் இருவரின் அப்பா அம்மா பெயரும் வழக்கமாக அதில் இருக்கும், அம்மா பெயர் பிறந்த வீட்டுப் பெயரோடு. அந்த ஜோடி பொருந்தினால் ஊடோனா போலியூவா என்ற கவலை வேண்டாம். மறுமணத்தில் மட்டும் பெற்றோருக்குப் பதில் இறந்துபோன துணையின் பெயரை எழுதியிருப்பார்கள். அப்போது முதல் கல்யாணத்தைத் தேடிப் போக வேண்டும்.

கே: ஒரே வீட்டில் ஆறு பையன்களும் ஜோசஃப். முந்தையவர்கள் இறந்துவிட்டார்களா?

ப: பையனென்றால் ஜோசஃப், பெண்ணென்றால் மரீ, ஞானஸ்நானத்தில் பெரும்பாலும் எல்லாருக்கும் அதுதான். அடுத்தது பல சமயம் ஞானத்தகப்பன் அல்லது ஞானத்தாய் பெயர். கடைசியில் இருப்பதே பொதுவாகக் கூப்பிட்ட பெயர். ஆனால் இறந்த குழந்தையின் பெயரை அடுத்ததற்கு வைப்பதும் உண்டு. அடக்கப் பதிவையும் பார்த்துவிடுங்கள்.

கே: கல்யாணப் பதிவில் 'நான்காம் படி உறவுக்கு விலக்கு' என்று இருக்கிறது.

ப: அத்தை மகளையே கட்டும் நமக்கு வேடிக்கையாக இருக்கும், அங்கே அந்தக் காலத்தில் தூரத்துச் சொந்தத்துக்கே திருச்சபை அனுமதி வேண்டியிருந்தது, அதுதான் இந்த விலக்கு. இரண்டாம் படி என்றால் ஒரே தாத்தா பாட்டி, மூன்றாம் படி பூட்டன், நான்காம் படி ஓட்டன். விட்டுப்போன கிளையைப் பிடிக்க நல்ல துப்பு.

கே: தேவாலயமே எரிந்துவிட்டது. என்ன செய்வது?

ப: 1679 முதல் பதிவேட்டை இரண்டு பிரதி எழுதி, ஒன்றை அரசிடம் கொடுத்தார்கள். அந்தப் பிரதி கியூபெக் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் இருக்கலாம். பார்க்கக் காசு வேண்டாம். பதிவேடுகளைப் படமெடுத்து வைத்த துருவேன் தொகுப்பையும் விடாதீர்கள், அதற்குச் சந்தா கட்ட வேண்டும்.

கே: கணவரின் பாட்டி மாசசூசெட்ஸில் பிறந்தவர், பெயர் கிங். பிரெஞ்சுக்காரர் என்கிறார்கள்.

ப: ருவா என்று தேடிப் பாருங்கள், பிரெஞ்சில் ருவா என்றால் ராஜா, லெப்லான் என்றால் வெள்ளை. மில் வேலைக்குப் போன ருவாக்கள் பலர் அங்கே கிங் ஆனார்கள், லெப்லான்கள் ஒயிட் ஆனார்கள். அந்த ஊரின் பிரெஞ்சுக் கத்தோலிக்கக் கோவில் பதிவில் பழைய பெயரே இருக்க வாய்ப்பு அதிகம்.