முதலில் அருங்காட்சியகம், அப்புறம் ஏற்காடு

கேள்வி: சென்னையில் இருக்கும் என் தங்கையின் பிள்ளைகள் (வயது 9, 13) காலாண்டு விடுமுறைக்குச் சேலம் வருகிறார்கள். ஒரே நாளில் அரசு அருங்காட்சியகத்தையும் ஏற்காட்டையும் காட்ட முடியுமா? போன தடவை அருங்காட்சியகத்தை இருபது நிமிடத்தில் சுற்றிவிட்டு, "இவ்வளவுதானா பெரியம்மா?" என்று கேட்டுவிட்டார்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தைப் பார்த்த பிள்ளைகளை இங்கே மறுபடி கூட்டிப்போவதில் பயன் உண்டா?
- ஒரு வாசகி, செவ்வாய்ப்பேட்டை

பதில்: முடியும். ஆனால் காலையில் அருங்காட்சியகம், அப்புறம் மலை என்று வைத்துக்கொள்ளுங்கள். மலையை முதலில் வைத்தால் கதை கெட்டது. இறங்கி வரும்போது சின்னவன் மடியில் தூங்குவான், பெரியவன் தட்டுவடை செட் கேட்பான், அருங்காட்சியகக் கதவையும் சாத்தியிருப்பார்கள்.

நாளையும் பார்த்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டு அரசு அருங்காட்சியகங்களுக்குப் பல ஆண்டுகளாக வெள்ளிக்கிழமையும் இரண்டாம் சனிக்கிழமையும் விடுமுறை. ஞாயிறு திறந்திருக்கும் என்பதால் பலர் வெள்ளிக்கிழமையும் நம்பிப் போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். நானும் ஒரு தடவை நாற்பது மாணவர்களோடு அப்படி நின்றிருக்கிறேன். காலாண்டு விடுமுறையில் காந்தி ஜெயந்தி வேறு வரும், அது தேசிய விடுமுறை. முந்தின நாள் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

இருபது நிமிடத்தில் முடிந்ததற்குப் பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். மாவட்ட அருங்காட்சியகங்களில் அறைகள் கொஞ்சம், விளக்க அட்டையில் ஒரு வரிதான் இருக்கும். அதைப் படித்துவிட்டு நகர்ந்தால் அவ்வளவு நேரம்தான் ஆகும். எல்லாவற்றையும் காட்ட நினைக்காதீர்கள். மூன்று பொருள் போதும்: நடுகல், கற்கோடரி, வெள்ளைக்கல். பாடம் செய்த பறவைகளை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

நடுகல்லுக்கு, அதாவது இறந்த வீரரின் நினைவாக நட்ட கல்லுக்கு, மட்டும் அரைமணி நேரம் கொடுங்கள். சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை வட்டாரம் நடுகற்களுக்குப் பேர்போனது. கல் முன்னால் நின்றதும் அட்டையைப் படிக்காமல், "இவர் எப்படிச் செத்தார், கண்டுபிடி" என்று சொல்லிப் பாருங்கள். உடம்பில் அம்பு தைத்திருக்கிறதா? காலடியில் மாடு செதுக்கியிருந்தால் ஆநிரை கவரப் போனவரோ, மீட்கப் போனவரோ. பெரியவனுக்கு வெட்சி, கரந்தை என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள், அதுதான் இது. எதிரே புலி பாய்ந்து, அதன் மேல் ஈட்டியோ வாளோ இறங்கியிருந்தால் புலிகுத்திப்பட்டான் கல். தன் தலையைத் தானே பிடித்துக் கழுத்தில் வாளை வைத்திருந்தால் நவகண்டம், தன்னையே பலி கொடுத்தவர். பக்கத்தில் ஒரு பெண் வளையல் கையை உயர்த்தி நின்றால் சதிக்கல், கணவனோடு உடன்கட்டை ஏறியவளுக்கு வைத்தது. அதைச் சின்னவனுக்கு எவ்வளவு சொல்வது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். மேலே வரிவரியாக எழுத்து இருந்து, அது இன்றைய தமிழ் எழுத்தைப் போல் இல்லாமல் வளைந்து வளைந்து போனால் வட்டெழுத்து என்ற பழைய எழுத்தாக இருக்கலாம்.

ஒரு கதையும் கைவசம் இருக்கட்டும். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. அதில் வீரனோடு அவன் நாயும் நிற்கிறது. நாயின் பெயர் கோவிவன் என்று கல்லிலேயே வெட்டியிருக்கிறார்கள். எந்தப் பிள்ளையும் இதை மறந்து நான் பார்த்ததில்லை.

அடுத்தது கற்கோடரி. கண்ணாடிப் பெட்டிக்குள் வழவழப்பான கருங்கல் துண்டுகளாகக் கிடக்கும், யாரும் நின்று பார்க்க மாட்டார்கள். இவை புதிய கற்கால மக்கள் தேய்த்துக் கூராக்கி, மரப்பிடியில் பொருத்திப் பயன்படுத்தியவை. எந்த முனை வெட்டும், எந்த முனை பிடிக்குள் போகும் என்று கேளுங்கள். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைப்பக்கம் இப்படிப்பட்ட கற்கள் உழும்போது நிறையக் கிடைத்திருக்கின்றன. இந்த மாவட்டத்தில் அவற்றை மரத்தடிப் பிள்ளையாரிடம் கொண்டுபோய்க் குவித்து வைக்கும் வழக்கமும் இருந்தது.

வெள்ளைக்கல்லைச் சேலத்துக்காரர்களுக்கு நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மாக்னசைட். ஆங்கிலேயர்கள் சுண்ணாம்புக்கட்டி என்று நினைத்து 'சாக் ஹில்ஸ்' என்று பெயர் வைத்த கல். சுட்டால் கிடைக்கும் மக்னீசியா சுமார் 2,800 டிகிரி வெப்பம் வரை உருகாது, அதனால்தான் எஃகு உலைக்குள் பதிக்கும் செங்கலுக்கு அது வேண்டும். பிள்ளைகளிடம் இவ்வளவு சொன்னால் போதும்.

பதினோரு மணிக்குக் கிளம்பிவிடலாம். ஏற்காடு சுமார் 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவுகள். வாந்தி வரும் பிள்ளை என்றால் காலை டிபன் இரண்டு இட்லியோடு நிற்கட்டும். ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவாயில் வளைவு வரும். 1935இல் டி.ஆர்.சுந்தரம் தொடங்கிய சினிமா ஸ்டுடியோவில் மிச்சம் நிற்பது அதுதான். மலையாளத்தின் முதல் பேசும்படத்தை எடுத்தது நம் சேலத்துக் கம்பெனி என்று அங்கே சொல்லிவிடுங்கள். மலை ஏறும்போது கொண்டை ஊசி வளைவுகளில் சாலைக்காக வெட்டிய பாறை கறுத்துத் தெரியும். அது சார்னோகைட். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு வைத்த கல் இதே வகை என்பதால் வந்த பெயர்.

மேலே ஏரி, படகு எல்லாம் வழக்கம்போல. அதற்கு முன் ஒரே ஓர் இடம்: ஹோலி டிரினிட்டி தேவாலயம். அங்குள்ளவர்களிடம் அனுமதி கேட்டுக் கல்லறைப் பகுதிக்குப் போங்கள். நிலவியல் அறிஞர் ராபர்ட் புரூஸ் ஃபூட்டின் கல்லறை அங்கே இருக்கிறது. 1863இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கோடரியைக் கண்டெடுத்தவர் அவர்தான். ஓய்வுபெற்ற பின் ஏற்காட்டில் வாழ்ந்தார். 1912இல் கொல்கத்தாவில் இறந்தபோதும் அவருடைய அஸ்தியை இங்கேதான் கொண்டுவந்தார்கள். காலையில் கண்ணாடிக்குள் பார்த்த கோடரியையும், அது கிடைத்த மலையையும், அப்படிப்பட்ட கற்களை ஆயுள் முழுக்கத் தேடியவரையும் பிள்ளைகள் ஒரே நாளில் பார்த்துவிடுகிறார்கள். அவர் சேர்த்ததையெல்லாம் 1904இல் சென்னை அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டது. ஆக எழும்பூரைப் பார்த்த பிள்ளைகள் என்று நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. ஊர் திரும்பியதும் அங்கே போய் ஃபூட் சேகரிப்பைக் காட்டச் சொல்லிக் கேட்கட்டும்.

மலைப்பாதை ஒத்துக்கொள்ளாது என்றால் ஏற்காட்டை விட்டுவிட்டுக் கஞ்சமலை அடிவாரத்துக்குப் போங்கள். கையில் ஒரு காந்தம் இருக்கட்டும். ஓடைக் கருமணலில் அதை வைத்தால் முள்முள்ளாக ஒட்டிக்கொண்டு வரும். அந்த மலையே இரும்புத் தாது.

ஏற்காடு போனால் ஐந்து மணிக்குள் இறங்கத் தொடங்குங்கள். அந்த மாதத்தில் மழையும் பனிமூட்டமும் சொல்லாமல் வரும்.