ஈராக்கின் முதல் நிதியமைச்சர் சாசூன் எஸ்கெல்: கேள்வி பதில்

கேள்வி: சார், ஒரு யூதர் ஈராக்கின் நிதியமைச்சர் ஆனது எப்படி?

பதில்: அவர் பாக்தாத்காரர், 1860இல் அங்கேயே பிறந்தவர். ஒட்டோமான் நாடாளுமன்றத்தில் 1908 முதல் பாக்தாத் உறுப்பினர். 1920இல் இடைக்கால அரசு அமைந்தபோது, கணக்கு வழக்கில் அவருக்கு நிகரான ஆள் அங்கே அரிது. பின்வந்த அமைச்சரவைகளும் அவரையே கூப்பிட்டன.

கேள்வி: அப்போது என்ன பணம் புழங்கியது?

பதில்: நம் இந்திய ரூபாய்! முதல் உலகப்போரில் இந்தியப் படையோடு போனது. 1932இல்தான் தினார் வந்தது. 13⅓ ரூபாய்க்கு ஒரு தினார். அதுவரை சொந்த நாணயம் இல்லை. வருவாயிலும் கால் பங்கைப் பாதுகாப்புக்கு ஒதுக்க வேண்டும் என்று பிரிட்டனோடு செய்த 1924இன் ராணுவ உடன்பாடு கட்டிப்போட்டது.

கேள்வி: 'தங்க ஷரத்து' என்கிறார்களே, அதைக் கணக்கோடு விளக்குங்கள் ஐயா.

பதில்: 1925 மார்ச் 14 அன்று துருக்கிப் பெட்ரோலியக் கம்பெனிக்கு ஈராக்கில் எண்ணெய் எடுக்க 75 ஆண்டு உரிமம் கொடுத்தார்கள். எடுக்கும் எண்ணெய்க்கு அரசுக்குத் தரும் தொகையான ராயல்டி டன்னுக்கு 4 ஷில்லிங். அது தங்கக் கணக்கில்தான் இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர் சாசூன். ஒரு பிரிட்டிஷ் சவரனில், அதாவது ஒரு பவுண்டு தங்க நாணயத்தில், 20 ஷில்லிங், சுத்தத் தங்கம் 7.32 கிராம். ஆக 4 ஷில்லிங் என்றால் 1.46 கிராம் தங்கம்.

கையெழுத்தான நாளில் காகித பவுண்டும் தங்க பவுண்டும் ஏறக்குறைய ஒரே மதிப்பு. 'தங்கம்' என்ற அந்த ஒரு சொல்லால் உடனடி லாபம் ஏதுமில்லை. பவுண்டின் மதிப்பைத் தங்கத்தோடு கட்டிவைத்த தங்க அளவையை 1931 செப்டம்பரில் பிரிட்டன் கைவிட்டது. லண்டனில் அவுன்ஸ் 85 ஷில்லிங்காக இருந்த தங்கம் 1930களின் நடுவில் 140ஐ ஒட்டிப் போனது. 4 தங்க ஷில்லிங் சுமார் ஆறரைக் காகித ஷில்லிங் ஆயிற்று. ஆண்டுக்கு 40 லட்சம் டன் என்று வைத்தால் 8 லட்சம் பவுண்டுக்குப் பதில் 13 லட்சம்! வடக்கு ஈராக்கின் கிர்குக் எண்ணெய் குழாய் வழியே மத்தியதரைக் கடல் துறைமுகங்களான ஹைஃபாவுக்கும் லெபனானின் திரிப்போலிக்கும் ஓடத் தொடங்கியதே 1934இல்தான் என்பதால், பெருவாரியான எண்ணெய்க்கு இந்த உயர்ந்த கணக்கே கிடைத்தது. சாசூன் இதைப் பார்க்கவில்லை. 1932இல் பாரிஸில் காலமானார்.

கேள்வி: ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது அவர்தானே?

பதில்: இல்லை, பொதுப்பணி அமைச்சர் முசாஹிம் அல்-பச்சாச்சி.

கேள்வி: ஈராக்குக்குக் கம்பெனியில் பங்கு கிடைக்கவில்லையே, ஏன்?

பதில்: அதுதான் பெரிய இழப்பு என்பேன். உள்ளூர்த் தரப்புக்கு 20 சதவீதம் வரை இடம் உண்டு என்று பிரிட்டனும் பிரான்சும் செய்த 1920 சான் ரெமோ எண்ணெய் ஒப்பந்தமே சொன்னது. ஆனால் எண்ணெய் உள்ள வடக்கு மாகாணமான மோசூல் துருக்கிக்கா ஈராக்குக்கா என்று சர்வதேச சங்கத்தின் (League of Nations) குழு விசாரித்துக்கொண்டிருந்த நேரம் அது. பிரிட்டனைப் பகைத்தால் மோசூலே கைநழுவும் என்ற அச்சம். பங்கை விட்டுக்கொடுத்தார்கள், எதிர்த்து இரண்டு அமைச்சர்கள் பதவி விலகினார்கள். ராயல்டி மட்டும் வாங்குபவருக்கு எவ்வளவு இறைப்பது என்பதில் சொல் கிடையாது. கம்பெனி குறைத்து இறைத்தால் தங்க ஷரத்தாலும் கஜானா நிறையாது.