கல்லீரலைக் கழுவ வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 46. குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட் வாங்கி விற்கிறேன். குடிப்பழக்கம் கிடையாது. எடை 82 கிலோ, இடுப்புச் சுற்று 98 செ.மீ. மூன்று வருடமாகச் சுகருக்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறேன். ஸ்கேனில் ‘ஃபேட்டி லிவர் கிரேடு 1’ என்று வந்திருக்கிறது. ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் நொதிகளான எஸ்ஜிபிடி 68, எஸ்ஜிஓடி 48, பிளேட்லெட் 2.4 லட்சம். கல்லீரலில் சேர்ந்த நச்சு வெளியேற 21 நாள் வெறும் வயிற்றில் கீழாநெல்லிச் சாறு, பகலில் ஜூஸ் மட்டும், இரவில் டீடாக்ஸ் பொடி என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். கொழுப்பு குறைய பிலிம்பிக்காய்ச் சாறும் குடிக்கலாமாமே. தொடங்கலாமா?

பதில்: தொடங்க வேண்டாம். முதல் காரணம் உங்கள் மாத்திரை. கிளிமிபிரைடு, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைக்கும். அதைப் போட்டுக்கொண்டு சோற்றை நிறுத்தினால் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கி, வியர்த்து, நடுங்கி, வண்டி ஓட்டும்போதே மயக்கம் வரலாம்.

கல்லீரலை அழுக்கு படியும் வடிகட்டி என்று நினைப்பதால்தான் ‘கழுவும்’ யோசனை வருகிறது. ஒன்றரைக் கிலோ எடையுள்ள அந்த உறுப்பு நச்சைச் சேர்த்து வைப்பதைவிட மாற்றி அனுப்பும் வேலையைத்தான் செய்கிறது. குடலிலிருந்து வரும் ரத்தம் உடலெங்கும் போகும் முன் அதன் வழியாகப் போகிறது. வேண்டாததை நீரில் கரையும் பொருளாக மாற்றி, ஒரு பங்கைப் பித்தநீர் வழியே மலத்துக்கும் மறு பங்கைச் சிறுநீரகத்துக்கும் தள்ளிவிடுகிறது. புரதம் சிதைந்து வரும் அமோனியா யூரியாவாவதும் இப்படித்தான்.

நம் குமரி மாவட்டத்துச் சாப்பாட்டுத் தட்டிலேயே இதைப் பார்க்கலாம். மரச்சீனி எனும் மரவள்ளிக் கிழங்கில் லினாமரின் என்ற பொருள் இருக்கிறது. அது உடைந்தால் சயனைடு வரும். தோலை முழுக்க உரித்து, சிறிதாக நறுக்கி, நிறையத் தண்ணீர் விட்டுத் திறந்த பானையில் வேகவைத்து, அந்த நீரை வடித்துக் கொட்டுவது இதனால்தான். மிச்சம் இருப்பதைக் கல்லீரல் பார்த்துக்கொள்ளும். ரொடனேஸ் என்ற நொதி சயனைடுடன் கந்தகத்தைச் சேர்த்துத் தயோசயனேட்டாக்கும். அது சிறுநீரில் போய்விடும். அந்தக் கந்தகம் புரதத்திலிருந்துதான் வர வேண்டும். கிழங்கோடு சாளையோ அயலையோ வைத்துச் சாப்பிடுவது வெறும் ருசிக்காக மட்டும் இல்லை. திருவிதாங்கூரில் 1880-களில் விசாகம் திருநாள் மகாராஜா மரச்சீனியைப் பரப்பினார். அதற்கு மீன்கறியைத் துணை சேர்த்தது நம் அடுக்களை. கசக்கும் கிழங்கை மட்டும் எந்தக் கறி இருந்தாலும் தின்னாதீர்கள்.

பாராசிட்டமால் கதையும் இதே மாதிரிதான். மாத்திரையின் ஒரு சிறு பங்கு கல்லீரலில் நச்சுப்பொருளாக மாறும். கல்லீரலில் உள்ள குளுட்டதயோன் என்ற பொருள் உடனே அதைப் பிடித்து முடக்கிவிடும். பட்டினி கிடந்தால் குளுட்டதயோன் இருப்பு குறைகிறது. நச்சு நீக்க என்று 21 நாள் ஜூஸில் ஓட்டுபவர், நச்சு நீக்கும் சரக்கையே குறைத்துக்கொள்கிறார். இது புரியாமல் விரதத்தின் நடுவே காய்ச்சலுக்கு மாத்திரையை அள்ளிப் போடுவது மிக ஆபத்து. நன்றாகச் சாப்பிடுபவருக்கே ஒரு நாளில் 4 கிராம்தான் உச்சவரம்பு. சாப்பிடாமல் இருப்பவர், குடிப்பவர் 2 கிராமைத் தாண்டக் கூடாது.

கீழாநெல்லி பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும். சென்னையில் மஞ்சள் காமாலை பி கிருமி உள்ளவர்களிடம் செய்த ஆய்வு 1988-ல் வெளியாகி உலகமே திரும்பிப் பார்த்தது. பின்னால் வந்த ஆய்வுகளில் அந்தப் பலன் உறுதிப்படவில்லை. கொழுப்புக் கல்லீரலைக் குணமாக்கும் என்பதற்கு உறுதியான சான்றும் இல்லை. பிலிம்பிக்காய்ச் சாற்றைக் கட்டாயம் தவிருங்கள். மீன்கறியில் நாலு காய் போடுவது வேறு, பிழிந்து டம்ளர் டம்ளராகக் குடிப்பது வேறு. அதிலுள்ள ஆக்சலேட் சிறுநீரகத்தில் படிகமாகி அடைத்து, கேரளத்தில் பலர் சிறுநீரகம் செயலிழந்து மருத்துவமனையில் சேர்ந்திருக்கிறார்கள். கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று சீந்தில் குடித்தவர்களில் சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்ததை மும்பை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். பொடிப் பாக்கெட்டில் என்னென்ன கலந்திருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, உங்கள் மருத்துவருக்கும் தெரியாது.

உங்கள் நிலை எப்படி? கல்லீரலில் தழும்பு விழுந்திருக்குமா என்று மதிப்பிடும் ‘ஃபிப்-4’ கணக்கை நீங்களே போடலாம். வயதை எஸ்ஜிஓடியால் பெருக்கினால் 46 × 48 = 2208. எஸ்ஜிபிடி 68-இன் வர்க்கமூலம் 8.25, அதை ஆயிரக் கணக்கில் பிளேட்லெட் 240-ஆல் பெருக்கினால் 1980. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 1.1 வரும். 1.3-க்குக் கீழே இருப்பதால் கல்லீரலில் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு. 1.3-க்கு மேல் போனால், கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுக்க வேண்டும், 2.67-ஐத் தாண்டினால் கல்லீரல் நிபுணரிடம் போக வேண்டும். சுகர் இருப்பதால் இந்தக் கணக்கை ஒன்றிரண்டு வருடத்துக்கொரு முறை திரும்பப் போடுங்கள். ஹெபடைட்டிஸ் பி, சி பரிசோதனை இதுவரை செய்யவில்லை என்றால் ஒரு முறை செய்துவிடுங்கள்.

ஸ்கேனில் தெரிந்தது கொழுப்பு. அது வெளியேற எடை குறைவதே வழி. உடல் எடையில் 7 விழுக்காடு, உங்களுக்குச் சுமார் 6 கிலோ, இறங்கினால் கொழுப்போடு அழற்சியும் தணியத் தொடங்கும். ஆறு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் வேகமாகக் குறைத்தால் பித்தப்பைக் கல் வரும் வாய்ப்பு கூடுகிறது. இடுப்பு 90 செ.மீ.க்குள் வர வேண்டும்.

மரச்சீனி வேகவைத்த வேளையில் சோறு வேண்டாம், இரண்டுமே மாவுச்சத்து. மீனைப் பொரிக்காமல் கறியாக வையுங்கள், தேங்காயைப் பாதியாக்குங்கள். புட்டுக்குப் பழமும் சீனியும் போய்ப் பயறு வரட்டும். சாயங்காலக் கடையில் பழம்பொரி, ஏத்தங்காய் சிப்ஸ் இரண்டையும் விடுங்கள். கருப்பட்டியும் அக்கானியும் (பதநீர்) இயற்கைதான், ஆனாலும் சர்க்கரைதான். கல்லீரல் வேறுபாடு பார்ப்பதில்லை. இனிப்பில்லாத கடுங்காப்பி நாளுக்கு இரண்டு கப் நல்லது. பேச முடியும், பாட முடியாது என்ற வேகத்தில் வாரம் ஐந்து நாள் அரை மணி நேரம் நடங்கள். எடை இறங்க இறங்க கிளிமிபிரைடு அளவைக் குறைக்க வேண்டி வரும், மருத்துவரிடம் கேளுங்கள்.

வேறொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. மழைக்காலத்தில் வயலிலோ தோட்டத்திலோ நின்றவருக்குக் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, அதோடு மஞ்சள் காமாலை என்று வந்தால் அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். கீழாநெல்லி அரைத்துக் காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

பொடியை ஏற்கெனவே சில நாள் சாப்பிட்டிருந்தால் நிறுத்திவிட்டு, பாக்கெட்டைத் தூக்கி எறியாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். நான்கு வாரம் கழித்து எஸ்ஜிபிடியைத் திரும்பப் பாருங்கள்; இடையில் சிறுநீர் கடுங்காப்பி நிறத்துக்கு மாறினாலோ உடம்பு அரித்தாலோ அதுவரை காத்திருக்க வேண்டாம்.