விங்ஸும் மில்க் ஷேக்கும்: கேட்டவையும் பதில்களும்

கே: அமெரிக்கன் டைனரில் (சாதாரண சாப்பாட்டுக் கடையில்) முதல் முறையாக விங்ஸும் (கோழி இறக்கைத் துண்டுகள்) ஷேக்கும் சாப்பிடப் போகிறேன். எப்படி ஆர்டர் செய்வது?

விங்ஸை ‘எக்ஸ்ட்ரா கிரிஸ்பி’ என்று கேளுங்கள். எண்ணெயில் இன்னும் இரண்டு மூன்று நிமிடம் விட்டு எடுப்பார்கள், தோல் மொறுமொறுவென்று வரும். காரம் மைல்ட், மீடியம், ஹாட் என்று ஏறும். முதல் தடவைக்கு மீடியம் போதும். பேசிக்கொண்டே மெதுவாகச் சாப்பிடுபவர் என்றால் சாஸைத் தனிக் கிண்ணத்தில் வாங்குங்கள். சாஸில் புரட்டிய விங்ஸ் பத்து நிமிடத்தில் நமுத்துவிடும்.

ஷேக்கைக் கடைசியில் இனிப்பாகச் சொல்லாமல் விங்ஸோடு சேர்த்தே கொண்டுவரச் சொல்லுங்கள். மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசின் தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். பாலில் இருக்கும் கேசீன் புரதமும் அதை நாக்கிலிருந்து பிரித்து எடுக்கும். சோடா குடித்தால் எரிச்சல் வாய் முழுக்கப் பரவும். விங்ஸுக்குச் சரியான ஜோடி வெனிலா ஷேக்.

கலக்கிய ஸ்டீல் கப்பை மிச்ச ஷேக்கோடு கிளாஸுக்குப் பக்கத்தில் வைப்பது பழைய டைனர் வழக்கம். அதுவும் உங்களுக்குத்தான், விட்டுவிட்டு வராதீர்கள்.

கே: தட்டில் இரண்டு வடிவத்தில் துண்டுகள் வருகின்றனவே?

குட்டிக் கால் போல ஒற்றை எலும்போடு இருப்பது டிரம்மெட். தட்டையாக இரண்டு எலும்போடு இருப்பது ஃப்ளாட். ருசி ஃப்ளாட்டில்தான், சதைக்குத் தோல் அதிகம். அதைக் கடிப்பதற்கு முன் ஒரு முனையில் எலும்புகள் சேரும் குருத்தெலும்பை முறித்து எடுங்கள். மெல்லிய எலும்பைப் பிடித்து ஒரு திருகு திருகி இழுத்தால் சுத்தமாக வந்துவிடும். தடித்த எலும்பும் அப்படியே. கையில் மிஞ்சுவது முழுக்கச் சதையும் தோலும்தான்.

கே: வீட்டு அவனில் (பேக்கிங் அடுப்பில்) அதே மொறுமொறுப்பு வருமா?

வரும். 1 கிலோ விங்ஸுக்கு 2 டீஸ்பூன் பேக்கிங் பவுடர், 2 டீஸ்பூன் உப்பு. முதலில் பேப்பர் டவலால் ஈரத்தை ஒற்றி எடுங்கள். ஈரம் இருந்தால் தோல் வறுபடாது, அவிந்துதான் போகும். பவுடரையும் உப்பையும் பிசிறி, கம்பித் தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் அடுக்கி, மூடாமல் ஓர் இரவு ஃப்ரிட்ஜில் வையுங்கள். மறுநாள் 220 டிகிரி செல்சியஸில் 45 நிமிடம், நடுவில் ஒரு முறை திருப்பிப் போட வேண்டும். பேக்கிங் பவுடர் தோலின் காரத்தன்மையை (மிளகாய்க் காரம் அல்ல, அமிலத்துக்கு எதிரான தன்மை) கூட்டுவதால் சீக்கிரம் சிவக்கும். வெளிவரும் நுண்குமிழிகள் தோலைப் பொரபொரப்பாக்கும்.

கழுவாதீர்கள். பச்சைக் கோழியைக் குழாயடியில் கழுவினால் கிருமிகள் தொட்டி, மேடை எல்லாம் தெறிக்கும், விங்ஸும் ஈரமாகும்.

கே: பேக்கிங் பவுடருக்குப் பதில் பேக்கிங் சோடா?

கூடாது. அந்த அளவுக்குச் சோடா போட்டால் சோப்பு வாடை அடிக்கும்.

கே: எண்ணெயில் பொரித்தால்?

இரண்டு தடவை பொரியுங்கள். முதலில் 120 டிகிரியில் 15 முதல் 20 நிமிடம். நிறம் மாறக்கூடாது, தோலடிக் கொழுப்பு உருகினால் போதும். எடுத்து ஒரு மணி நேரம் ஆறவிட்டு, 190 முதல் 200 டிகிரியில் பொன்னிறம் வரும்வரை. ஒரே ஈடாகக் கொட்டினால் எண்ணெயின் சூடு இறங்கி, தோல் எண்ணெய் குடிக்கும். ஈரத்தோடு போட்டால் எண்ணெய் பொங்கும், கை வெந்துபோகும். ஒற்றி எடுங்கள்!

கே: மாவு பூசினால்தானே நன்றாக மொறுமொறுக்கும்?

பஃபலோ விங்ஸுக்கு மாவு கிடையாது. 1964-ல் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில், ஆங்கர் பாரில் தெரஸா பெலிஸிமோ செய்ததாகச் சொல்லப்படும் அந்த விங்ஸ், மாவில்லாமல் பொரித்து, வெண்ணெய் கலந்த மிளகாய் சாஸில் புரட்டியது. கூடவே செலரியும் ப்ளூ சீஸும்.

கே: (அவரே) நான் சாப்பிட்ட டைனர்களில் எல்லாம் மாவு பூசித்தான் கொடுத்தார்கள்.

கொடுத்திருப்பார்கள். மாவு பூசி உறையவைத்த துண்டுகளை நேராக எண்ணெயில் போட்டு எடுப்பது சமையலறைக்குச் சுலபம். ஆனால் மாவு சாஸை உறிஞ்சிக்கொள்ளும், சதையிலிருந்து வரும் நீராவியும் அதற்குள்ளேயே அடைபடும். ஐந்தாவது துண்டுக்குப் போகும்போது கையில் மாவு உரிந்து வரும். கொழுப்பு உருகிக் காய்ந்த தோல் அப்படி உரியாது.

கே: (வேறொருவர்) அப்படியென்றால் கொரியன் விங்ஸ்? ஸ்டார்ச் பூசியும் சாஸில் மொறுமொறுப்பாகத்தானே இருக்கிறது?

நியாயமான கேள்வி, இதை ஒப்புக்கொள்கிறேன். அங்கே ஸ்டார்ச்சை மிக மெல்லிசாகப் பூசி, இரண்டு தடவை பொரிக்கிறார்கள். சாஸும் சர்க்கரைப் பாகு சேர்ந்து கெட்டியாக இருப்பதால் மேலே பளபளவென்று படியும், உள்ளே இறங்காது. பஃபலோ சாஸ் வினிகரும் வெண்ணெயும் கலந்து நீர்க்க இருக்கும். சாஸுக்கு ஏற்ற பூச்சு என்பதுதான் என் வாதம். நீர்த்த சாஸ் என்றால் வெறும் தோல்தான்.

கே: (முதலாமவர்) இருந்தாலும் மாவுதான் எனக்குப் பிடிக்கும்.

பிடித்ததைச் சாப்பிடுங்கள். சாஸைத் தொட்டுச் சாப்பிடுங்கள், புரட்ட வேண்டாம்.

கே: சாஸ் திரிந்து எண்ணெய் தனியாக மிதக்கிறது.

வெண்ணெயைக் கொதிக்கவிட்டிருக்கிறீர்கள். 120 மில்லி ஹாட் சாஸை இளஞ்சூடாக்கி, அடுப்பை அணைத்துவிட்டு, 75 கிராம் குளிர்ந்த வெண்ணெயைத் துண்டு துண்டாகப் போட்டு அடியுங்கள். சாஸ் கூழாகிப் பளபளக்கும்.

கே: எலும்பருகே சிவப்பாக இருந்தால் வேகவில்லையா?

நிறத்தை நம்பாதீர்கள். இளங்கோழியில் மஜ்ஜையின் நிறம் சதையில் இறங்கும். வெப்பமானியைச் சதையின் நடுவில், எலும்பில் முட்டாமல் செருகிப் பாருங்கள்: 74 டிகிரி என்றால் பயமில்லை, 85 என்றால் சதை எலும்பை விட்டு வரும்.

கே: ஷேக் தண்ணியாகிறது. ஐஸ் போடலாமா?

போடாதீர்கள், உருகினால் அதுவும் தண்ணீர்தான். 300 கிராம் ஐஸ்கிரீமுக்கு 120 மில்லி குளிர்ந்த பால், அவ்வளவுதான். ஐஸ்கிரீமை ஐந்து நிமிடம் வெளியே வைத்து, ஸ்கூப் இறங்கும் பதத்தில் எடுங்கள். கிளாஸை ஃப்ரீஸரில் வையுங்கள். பிளெண்டரை 20 விநாடிக்கு மேல் ஓட்டாதீர்கள், பிளேடின் சூடே உருக்கிவிடும்.

கே: மால்ட் என்றால் வேறா?

அதே ஷேக்கில் ஒரு பெரிய கரண்டி மால்ட் பொடி (முளைகட்டிய பார்லியில் செய்தது) சேர்ந்தது. அமெரிக்காவின் வடகிழக்கில் நியூ இங்கிலாந்துப் பக்கம் போனால் கவனம்: அங்கே ஐஸ்கிரீம் போட்டது ஃப்ராப். ரோட் ஐலண்டில் அதன் பெயர் கேபினெட். மில்க் ஷேக் என்று கேட்டால் வெறும் பாலும் சிரப்பும் வரலாம்.

கே: கொலஸ்ட்ரால் இருக்கிறது, சாப்பிடலாமா?

உங்கள் மருத்துவரைக் கேளுங்கள்.

கே: விங்ஸைக் கழுவாமல் எப்படி?

மேலே சொல்லிவிட்டேன். ஒற்றி எடுங்கள்.

கே: பார்சல் வாங்கினால் நமுத்துப்போகிறது.

சாஸைத் தனியாக வாங்கி, டப்பா மூடியைச் சற்றுத் திறந்து வைத்து எடுத்துப் போங்கள். வீட்டில் 220 டிகிரியில் எட்டு நிமிடம் சூடாக்கிவிட்டுப் புரட்டுங்கள்.

கே: அப்போது ஷேக் உருகிவிடுமே?

ஷேக்கை பார்சல் வாங்காதீர்கள். விங்ஸ் அவனில் இருக்கும் அந்த எட்டு நிமிடத்தில் வீட்டிலேயே அடித்துக்கொள்ளலாம்.